வெள்ளிக் கம்பி தருவேன், குடிக்கிறதுக்கு என்றால் தரமாட்டேன்

எங்கள் பட்டறை வேலூர் லாங் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. மெட்டி அடிப்பது, அரைஞாண் கொடி பின்னுவது, அறுந்த கொலுசைப் பற்றவைப்பது, எப்போதாவது கோயில் கவசத்துக்கு ஒட்டுப் போடுவது, இதுதான் பிழைப்பு. புதுக் கொலுசெல்லாம் இப்போது சேலத்திலிருந்து ரெடியாக வந்து இறங்கிவிடுகிறது.

கொரோனாவுக்கு அப்புறம் புது மாதிரி ஆட்கள் வருகிறார்கள். நகை கேட்பதில்லை. சொக்க வெள்ளியில், அதாவது கலப்பில்லாத வெள்ளியில் கம்பி, ஒரு சாண் நீளம், இரண்டு துண்டு. எதற்கு என்று கேட்டால் போனை நீட்டி வீடியோ காட்டுகிறார்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், அதில் இரண்டு கம்பி, பக்கத்தில் வரிசையாகக் கோத்த ஒன்பது வோல்ட் பேட்டரி மூன்று. "வெள்ளித் தண்ணி பத்தரே. டெய்லி ஒரு மூடி குடிச்சா எந்தக் கிருமியும் கிட்ட வராதாம்." இங்கிலீஷ் தெரிந்தவர்கள் கொலாய்டல் சில்வர் என்கிறார்கள். பள்ளிப் புத்தகப்படி பார்த்தால் கூழ்ம வெள்ளி, அதாவது தண்ணீரில் கரையாமல் மிதக்கும் நுண்ணிய வெள்ளித் துகள்.

கம்பி விற்றால் எனக்கு நல்ல காசுதான். சேதாரம் கிடையாது, நகாசு கிடையாது, அச்சில் விட்டு இழுத்துக் கொடுத்துவிடலாம். ஆனாலும் குடிப்பதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் தருவதில்லை. ஒவ்வொருவருக்கும் கடை வாசலில் நிறுத்தி விளக்கம் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்று. வெள்ளிக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு. அதை நான் மறுக்க மாட்டேன், எந்த டாக்டரும் மறுக்க மாட்டார். நம் வீடுகளில் குழந்தைக்குப் பாலாடையும் சங்கும் வெள்ளியில் வாங்குகிறோம், அரைஞாண் வெள்ளியில் போடுகிறோம். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் கார்ல் கிரேடே என்ற மருத்துவர் 1880களில், பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டு, பிரசவத்தின்போது தொற்றும் கண்நோயிலிருந்து எத்தனையோ குழந்தைகளின் பார்வையைக் காப்பாற்றினார். இன்றைக்கும் தீக்காயத்துக்குப் போடுகிற வெள்ளைக் களிம்பில், சில்வர் சல்ஃபாடயசின் என்று ட்யூபிலேயே எழுதியிருக்கும், அதில் வெள்ளி இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழு நுண்துகள் வெள்ளியை வைத்துக் குடிநீர் வடிகட்டி செய்திருக்கிறது. அவருக்கு 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இதிலெல்லாம் ஒரு பொது விஷயம் இருப்பதைக் கவனியுங்கள். கண்ணில் ஒரு சொட்டு, காயத்தின் மேல் ஒரு பூச்சு, வடிகட்டிக்குள்ளே பிடித்துவைத்த துகள். வயிற்றுக்குள் டம்ளர் டம்ளராக ஊற்றச் சொன்னது யாருமில்லை. சங்கும் பாலாடையும் கட்டி வெள்ளி. அதில் பால் பட்டு வருவதால் பாலில் கரைவது கணக்கிலேயே வராது. கட்டி வெள்ளியும் கரைந்த வெள்ளியும் ஒன்றென்று நினைப்பதில்தான் எல்லாக் குழப்பமும் ஆரம்பிக்கிறது. கரைந்த வெள்ளி எப்படி நடந்துகொள்ளும் என்று பட்டறைக்காரனுக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் கையில் அது எழுதிவிட்டுப் போகும்.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழைய வெள்ளியைச் சுத்தம் செய்ய நாங்கள் நைட்ரிக் ஆசிடில் போடுவோம். செம்மண் நிறத்தில் புகை கிளம்பும், மூக்கை மூடிக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும். சொக்க வெள்ளி என்றால் கரைசல் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் நிற்கும். செம்பு கலந்த வெள்ளி என்றால் நீலமாக, பச்சை ஓடின நீலமாக மாறிவிடும். அந்தக் கரைசலில் ஒரு செம்புத் தகட்டை விட்டால் வெள்ளி சாம்பல் நிறச் சேறாகத் தகட்டில் படிந்து அடியில் இறங்கும். உப்புத் தண்ணீர் விட்டால் சட்டென்று தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாகத் திரளும். அந்த வெள்ளையை வெயிலில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஊதாவாகி, அப்புறம் கறுத்துப்போகும். வெள்ளியின் உப்புகள் வெளிச்சத்துக்கு ஆகாதவை. பழைய போட்டோ பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் வேலை செய்தது இந்த ஒரே குணத்தால்தான். பழைய எக்ஸ்ரே படங்களை எடைக்கு வாங்கி வெள்ளி எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கரைசல் ஒரு சொட்டு விரலில் பட்டுவிட்டது என்று வையுங்கள். அந்த நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. கழுவிவிட்டு டீ குடிக்க வெளியே போவோம். வெயில் பட்டதும் பட்ட இடம் பழுப்பாகும், சாயந்தரத்துக்குள் மை வைத்த மாதிரி கறுப்பு. சோப்பு, எலுமிச்சை, புளி எதற்கும் போகாது. மேல்தோல் தானாக உரிந்து புதுத்தோல் வரும்வரை அந்தக் கறை இருக்கும். எங்க நைனாவின் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எப்போதுமே அப்படித்தான் இருந்தன. கல்யாண வீட்டில் சந்தனம் கொடுக்க அந்தக் கையை நீட்டக் கூச்சப்பட்டு இடது கையால் வலது கையை மறைத்துப் பிடித்துக்கொள்வார்.

விரலில் பட்டது மேல்தோலோடு உரிந்துவிடும். குடித்தது எங்கே போகும்? பெரும்பகுதி மலத்தோடு போய்விடுகிறது. கொஞ்சம் ரத்தத்தில் ஏறி, தோலின் உள் அடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த அடுக்கு உரிவதில்லை. வெயில் படுகிற முகம், கழுத்து, கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் எக்ஸ்ரே பிலிமில் நடப்பதே நடக்கிறது. தோல் நீலமும் சாம்பலும் கலந்த நிறமாகிவிடுகிறது. ஆர்ஜீரியா என்று அதற்குப் பெயர். ஒருமுறை வந்தால் போகாது. உடம்பிலிருந்து உலோகத்தை இழுத்து வெளியேற்றும் மருந்துகள் இதற்குப் பலிப்பதில்லை. லேசர் வைத்துச் சிலருக்கு நிறத்தைக் குறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இது பயமுறுத்தல் கதை கிடையாது, பெயர் சொல்லிக் காட்டலாம். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் ஸ்டான் ஜோன்ஸ் என்ற அரசியல்வாதி, 2000ஆம் வருடம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்களெல்லாம் நின்று ஆன்டிபயாடிக் கிடைக்காமல் போய்விடும் என்று நம்பி, 1999 முதல் வீட்டிலேயே வெள்ளித் தண்ணீர் தயாரித்துக் குடித்தார். 2002இல் செனட் தேர்தலில் நின்றபோது அவர் முகம் நீலச் சாம்பலாக இருந்தது. பால் கராசன் என்று இன்னொருவர், அவரும் வீட்டுத் தயாரிப்புதான், முகம் முழுக்க நீலமாகி டி.வி.யில் வந்தார். 2013இல் இறந்தார். இவர்கள் இருவரும் குடித்தது, இதோ இந்த வீடியோவில் வருகிற அதே டம்ளர், அதே கம்பி, அதே பேட்டரி வகைதான்.

சரி, அந்த டம்ளருக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? என் மகள் பி.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறாள். கூழ்மம் பற்றி வகுப்பில் செய்து காட்ட வேண்டும் என்று கேட்டாள். அதற்கு நான் மனதாரக் கம்பி இழுத்துக் கொடுத்தேன். மூசையில் சொக்க வெள்ளியை உருக்கி, கட்டியாக வார்த்து, அடித்து நீட்டி, அச்சுத் தட்டின் துளைகளில் பெரியதிலிருந்து சிறியதாக மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். இடையிடையே கம்பி இறுகிப்போகும், தணலில் காட்டிப் பதப்படுத்தி மறுபடி இழுக்க வேண்டும். கடைசியில் அலசித் துடைத்து, கை படாமல் தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்க வேண்டும், கார் பேட்டரிக்கு ஊற்றுவதற்கு விற்கிறார்களே, அந்த வகை. எங்கள் போர் தண்ணீரில் இதைச் செய்து பார்த்தால், அதில் இருக்கும் உப்புக்கு, வெள்ளி கழன்ற உடனே பால் கலங்கினது போல வெள்ளையாகிவிடும். வேலூர் வெயிலில் அது கறுக்கவும் நேரமாகாது.

நல்ல தண்ணீரில் ஆரம்பத்தில் ஒன்றுமே நடக்கிற மாதிரி தெரியாது. சுத்தமான தண்ணீரில் மின்சாரம் ஓடத் தயங்கும். வெள்ளி கொஞ்சம் கரைந்ததும் வேகம் பிடிக்கும். பாசிட்டிவ் பக்கத்துக் கம்பியிலிருந்து லேசான புகை மாதிரி ஒன்று சுருண்டு இறங்கும். நெகட்டிவ் பக்கத்தில் சின்னச் சின்னக் குமிழி, அப்புறம் கம்பியின் மேல் கறுப்பாகப் பஞ்சு முளைக்கும். அந்தப் பஞ்சும் வெள்ளிதான், திரும்பவும் படிந்துகொள்கிறது. நேரம் போகப் போகத் தண்ணீருக்கு மெல்லிய மஞ்சள் ஏறும். விளக்கை அணைத்துவிட்டு லேசர் பேனாவை அடித்தால் ஒளி தண்ணீருக்குள் கோடு போட்ட மாதிரி தெரியும். துகள் இருப்பதற்கு அது அடையாளம், டிண்டால் விளைவு என்றாள். நுண்துகள் வெள்ளி ஊதா, நீல வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால்தான் மிச்சம் மஞ்சளாகத் தெரிகிறதாம். பல வருடமாக வெள்ளியோடு இருக்கிறேன், வெள்ளி மஞ்சளாக நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அழகான காட்சி. பள்ளிக்கூடத்து ஆசிரியர் யாராவது பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டால் கம்பி நானே கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் அந்த டம்ளரில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று கேட்டால் அவளாலும் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. கணக்கு மட்டும் போட்டுக் காட்டினாள். ஒரு மில்லி ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 4 மில்லிகிராம் வெள்ளி கழன்று வரும். 200 மில்லி தண்ணீரில் அது லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று ஆகிறது. மின்சாரம் ஐந்து மடங்கானால் இதுவும் ஐந்து மடங்கு. இதில் எவ்வளவு மறுபடி கம்பியில் ஒட்டியது, எவ்வளவு அடியில் சேறாக இறங்கியது, எவ்வளவு துகளாக நிற்கிறது, எவ்வளவு கண்ணுக்கே தெரியாமல் அயனியாகக் கரைந்திருக்கிறது? வீட்டில் செய்கிற தண்ணீரில் பெரும்பாலும் இருப்பது இந்தக் கரைந்த அயனிதான். அதற்கு நிறம் இல்லை, லேசரிலும் கோடு விழாது. "தெளிவா இருக்குது, அப்போ கம்மியாத்தான் இருக்கும்" என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆர்.ஓ. மெஷின்காரர் கொண்டுவருகிற டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்து, பத்து காட்டுது, பதினைந்து காட்டுது என்று சொல்கிறார்கள். அந்த மீட்டர் அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்பதை மட்டும். அதில் வருகிற எண்ணை வெள்ளியின் அளவாக எடுத்துக்கொள்ள வழியே இல்லை. துகளாக நிற்கும் வெள்ளி அதற்குத் தெரியாது.

இப்போது அளவைப் பார்ப்போம். இந்தியத் தர நிர்ணயத்தின் குடிநீர் விதியில் வெள்ளிக்கு அனுமதி லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். வீடியோக்காரர்கள் பெருமையாகச் சொல்கிற '10 பி.பி.எம்.' என்பது லிட்டருக்கு 10 மில்லிகிராம். அனுமதித்ததைப்போல நூறு மடங்கு. நம் கார்ப்பரேஷன் குழாயில் அப்படித் தண்ணீர் வந்தால் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்வோம். ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு நிலத்தடி நீரில் இறங்கி எத்தனை கிணறு பாழானது என்று பார்த்த ஜனம் நாம். உலோகம் கலந்த தண்ணீரைப் பற்றி நமக்கு வெளியூர்க்காரர் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர்க் கையேடு, ஒரு மனிதர் தன் ஆயுள் முழுக்கச் சேர்த்து சுமார் 10 கிராம் வெள்ளிவரை உட்கொண்டால் தீங்கு தெரிவதில்லை என்று எடுத்துக்கொள்கிறது. 10 கிராம் என்றால் எங்கள் தராசில் கொஞ்சம் கனமான ஒரு ஜோடி மெட்டி. லிட்டருக்கு 50 மில்லிகிராம் இருக்கிற தண்ணீரைத் தினம் ஒரு டம்ளர் குடித்தால் மூன்று வருடம் முடிவதற்குள் அந்த மெட்டி உள்ளே போய்விடும். ஒரு ஆயுளுக்கான கணக்கு அது.

பலனாவது இருந்தால் பேசலாம். குடித்தால் இன்ன நோய் தீரும் என்று நிரூபணம் ஆனது ஒன்றும் இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1999இலேயே, கூழ்ம வெள்ளி கலந்து கடையில் விற்கும் மருந்துகளைப் பாதுகாப்பானவை என்றோ பலனளிப்பவை என்றோ ஏற்க முடியாது என்று விதி போட்டுவிட்டது. 2020இல் கொரோனாவுக்கு மருந்தென்று சொல்லி இதை விற்றவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. டம்ளரிலும் பாத்திரத்திலும் கிருமி சாவது நிஜம். ஆனால் வயிற்றுக்குள் போனால் அங்கே இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். உப்புத் தண்ணீர் விட்டால் பட்டறையில் என்ன திரளுமோ அதேதான் அங்கேயும் திரளும்.

போன வருடம் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். நடுவயது. அவர் அம்மாவுக்குச் சர்க்கரை, பாதத்தில் புண் ஆறாமல் இருக்கிறது. "வெள்ளித் தண்ணி ஊத்திக் கழுவலாம், குடிக்கவும் வெக்கலாம்னு சொல்றாங்க பத்தரே. நீங்க கம்பி மட்டும் கொடுங்க, மீதிய நான் பாத்துக்கிறேன்" என்றார். புண் போட்டோவைக் காட்டினார். பெருவிரலுக்குப் பக்கத்து விரல் கறுத்திருந்தது. நான் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அவரை ஸ்டூலில் உட்காரவைத்தேன். "அண்ணா, நாடு முழுக்க, வங்காளத்துல இருந்தெல்லாம் ரயிலேறி நம்ம ஊருக்கு வைத்தியத்துக்கு வர்றாங்க. பக்கத்துல இருக்கிற நீங்க பேட்டரி வாங்கிக்கிட்டிருக்கீங்களே" என்றேன். கோபப்பட்டார். செலவைப் பற்றிப் பேசினார். அது நியாயமான பயம். அரசு ஆஸ்பத்திரியில் பாருங்கள், காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துப் பழைய அரைஞாணை மாற்ற வந்தபோது சொன்னார், ஒரு விரலை எடுத்துவிட்டார்கள், பாதம் தப்பியது. கட்டுப் போடும்போது வெள்ளி கலந்த மருந்துத் துணியைத்தான் வைத்தார்களாம். அளவு தெரிந்தவர்கள் கையில், வைக்க வேண்டிய இடத்தில் வெள்ளி வேலை செய்கிறது.

கம்பியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் தரமாட்டேன் என்றதும் சிலர் வீட்டில் கிடக்கிற பழைய கொலுசை அறுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 92.5 என்று முத்திரை போட்ட வெள்ளியிலேயே மிச்சம் 7.5 பங்கு பெரும்பாலும் செம்பு. சாதாரணக் கொலுசில் அதைவிட அதிகமாகவே கலப்பு இருக்கும். கண்ணிக்குக் கண்ணி பற்றவைத்த இடத்தில் துத்தநாகம் இருக்கும், பழைய நகையில் கேட்மியமும் இருக்கலாம். கேட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம். அதை உருக்கும்போது வரும் புகைக்குப் பயந்துதான் தொழிலில் அதைக் கைவிடச் சொன்னார்கள். பேட்டரியை மாட்டினால் வெள்ளி மட்டும் தனியாகப் பிரிந்து வராது. இருக்கிறதெல்லாம் இறங்கும்.

சித்த வைத்தியத்தில் வெள்ளி பற்பம் இல்லையா என்று கேட்பவர்களும் உண்டு. இருக்கிறது. அதற்குச் சுத்தி முறை, புடம், அளவு, துணைமருந்து என்று தனி வழி இருக்கிறது. படித்த வைத்தியர் நாடி பார்த்துத் தருவது. அதைச் சாக்காக வைத்து டம்ளரில் பேட்டரி மாட்டுவது அந்த வைத்தியத்துக்கே மரியாதை இல்லை.

ஏற்கெனவே குடித்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்தால், இன்றோடு நிறுத்திவிடுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது எவ்வளவு நாளாக, எவ்வளவு குடித்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். பாட்டிலையும் எடுத்துப்போங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். வெள்ளி அந்த மருந்துகளை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். நகத்தின் அடியிலோ ஈறிலோ சாம்பல் நிறம் தெரிந்தால் அதையும் காட்டுங்கள். மீதியிருக்கிற கம்பியை எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோனாலும் அன்றைய விலைக்கு எடுத்துக்கொள்வார்கள்.